குப்பைமேட்டின் முதல் லாரி

பக்கிங்காம் கால்வாய் ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமில் தொடங்குகிறது. பழவேற்காடு ஏரி வழியாகத் தெற்கே இறங்கி, எண்ணூர்க் கழிமுகத்தைக் கடந்து, சென்னையை ஊடறுத்து, பெருங்குடிக்குக் கிழக்கே ஓடி, கோவளத்தையும் தாண்டி மரக்காணத்தில் முடிகிறது. நான் பிறந்தது அந்தக் கால்வாயின் வடக்கே, பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல்மேட்டில் இருக்கும் ஒரு மீனவக் குப்பத்தில். 1990களின் தொடக்கத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனது தெற்கே, பெருங்குடியில். ஒரு காலத்தில் ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகும் எங்கள் ஏரிக் கிளிஞ்சலும் இந்தக் கால்வாயில் படகேறித்தான் சென்னைக்குப் போயின. நான் போன காலத்தில் படகு இல்லை. பொன்னேரி வரை பேருந்து, அங்கிருந்து மின்சார ரயில், மறுபடியும் பேருந்து. போய்ச் சேர்ந்த இடத்தில் சென்னை நகரத்தின் பாதிக் குப்பை ஒரு நீர்நிலையின் மேல் கொட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

பள்ளிக்கரணைக் கழுவெளி என்கிற சதுப்புநிலத்தின் ஓரத்தில் இருந்த அந்தப் பெருங்குடிக் குப்பைமேட்டைப் பார்த்துக்கொண்டேதான் என் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பக்கத்துப் பள்ளியொன்றில் நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் பலருக்கு அந்த மேட்டில்தான் பெற்றோரின் பிழைப்பு. இப்போது அந்த மேடு பெருமளவு தோண்டி எடுக்கப்பட்டுவிட்டது. அதைப் பற்றி நான் எழுதுவது பெருங்குடிக்காரர்களுக்காக மட்டும் அல்ல. என் பிறந்த ஊரான பழவேற்காட்டு ஏரிக்கரை மக்கள் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் குப்பத்திலும் குப்பை இருந்தது. நான் சிறுமியாக இருந்தபோது ஊரின் தென்கோடியில், சவுக்குத்தோப்பை ஒட்டி அது குவிந்து கிடக்கும். நண்டு ஓடு, இறால் தலை, மீன் செதில், கிளிஞ்சல், அடுப்புச் சாம்பல், கிழிந்த ஓலைப்பாய், அறுந்த நூல்வலை. இறால் தலையும் செதிலும் தென்னைக்கு உரமாகிவிடும். சாம்பலைப் பாத்திரம் துலக்க எடுத்துக்கொள்வார்கள். கிளிஞ்சலைச் சுண்ணாம்புக் காளவாய்க்காரர்கள் வாங்கிப் போவார்கள். மரப்பட்டைக் கஷாயத்தில் ஊறவைத்துப் பதப்படுத்திய நூல்வலை, கிழிந்து மண்ணில் விழுந்தால் இரண்டு மழைக்குள் மக்கிவிடும். நைலான் வலை எல்லார் வீட்டுக்கும் வந்தபின்தான் மக்காத ஒரு பொருளை எங்கள் குப்பைக்குழி முதன்முதலாகப் பார்த்தது.

எது இருந்தாலும் ஏரிக்குள் போடக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. எங்கள் ஆயா மீன் அரிந்த கழிவைக்கூடத் தண்ணீரில் கொட்ட விடமாட்டார். ஒருமுறை நான் படகிலிருந்து எதையோ வீசியபோது, "சோறாக்குற பானையில யாராச்சும் கை கழுவுவாங்களாடி?" என்று கேட்டார். அவருக்கு ஏரி கும்பிடும் பொருள் என்பதைவிட வேலை செய்யும் இடம். அங்கே எந்த இடத்தில் ஆழம், எந்த இடத்தில் சேறு, எந்த மாதத்தில் எங்கே இறால் ஓடும், எந்தத் திட்டில் மடவை துள்ளும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வெறும் தண்ணீர் என்று ஓர் அடி இடம்கூட அந்த ஏரியில் எங்களுக்குத் தெரிந்து கிடையாது.

இந்த அறிவைக் கட்டிக்காத்தது பாடு என்கிற முறை. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், நீரோட்டம் நன்றாக இருக்கும் இடங்களில், கழிகளை ஊன்றிச் சுத்துவலை கட்டி இறால் பிடிப்பார்கள். அந்த இடங்கள் எல்லாருக்கும் போதாது. அதனால் எந்த ஊருக்கு எந்த நாள், ஊருக்குள் எந்தத் தலைக்கட்டுக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் ஏற்பாடு இது. இதில் எல்லாருக்கும் இடம் இருந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். வலையில்லாத இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் எடுப்பார்கள். அவர்களுக்குப் பாடும் இல்லை, சீட்டும் இல்லை. வேறு சமூகத்தார் வலையோடு வந்தபோது சண்டைகளும் நடந்திருக்கின்றன. இந்தக் குறையெல்லாம் இருந்தும், ஏரியின் ஒவ்வொரு துண்டுக்கும் கேட்க ஓர் ஆள் இருந்தார். இன்று இவருடைய இடம், நாளை அவருடைய இடம். தன் முறை வரும் நாளில் தன் இடத்தில் கல்லோ மரமோ கிடந்தால் அவர் கேட்பார். ஊர்க்கூட்டம் கூடும். இந்த ஒரு வழக்கத்தின் மதிப்பு எனக்குப் பெருங்குடிக்குப் போன பிறகுதான் புரிந்தது.

கல்யாணமான புதிதில் விடியற்காலை வாசல் தெளிக்க வெளியே வந்தால் மூக்கில் முதலில் ஏறியது புகை. எங்கள் ஊரில் விடியலுக்கு முன் நிலத்திலிருந்து கடலை நோக்கி ஒரு காற்று வீசும். அந்தக் காற்றில்தான் அப்பாவும் மற்றவர்களும் பாய் விரித்துக் கட்டுமரத்தில் கடலுக்குப் போவார்கள். பெருங்குடியிலும் அதே கரையோரக் காற்று அதே நேரத்தில் மேற்கிலிருந்து வீசியது. மேற்கே குப்பைமேடு. பகலில் கடற்காற்று புகையைப் பள்ளிக்கரணைப் பக்கம் தள்ளும்; விடிகாலையில் அது எங்கள் பக்கம் திரும்பும். கம்பிச் சுருளின் பிளாஸ்டிக்கை எரித்துச் செம்பு எடுக்கும் நாளில் தொண்டை காந்தும். மழை பெய்த மறுநாள் புகை குறையும். ஆனால் ஈரக்குப்பையின் நாற்றம் துணியிலும் தலைமுடியிலும் ஏறிவிடும்.

லாரிகள் இரவும் பகலும் வந்தன. தார்ப்பாய் கிழிந்த லாரிகளிலிருந்து வழியெல்லாம் சிந்தும். மேட்டின் மேல் கரும்பருந்துகள் வட்டமிடும். மாடுகள் நெகிழிப் பையோடு சேர்த்துத் தின்னும். அவற்றுக்கு நடுவே ஆண்களும் பெண்களும் கையில் வளைந்த கம்பியோடு, முதுகில் சாக்கோடு நடப்பார்கள். இரும்பு, தகரம், பித்தளை, பால் கவர், பாட்டில், செருப்பு, தலைமுடி என எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்துக் காயலான் கடைக்குக் கொண்டுபோவார்கள். புதிய லாரி பின்கதவைத் திறக்கும் நேரத்தில் முன்னால் நிற்பவருக்கு நல்ல பொருள் கிடைக்கும் என்பதால், சரியும் குப்பைக்குக் கீழேயே போய் நிற்பார்கள். வெறுங்காலில் ஊசி குத்தியவர்களையும், கண்ணாடி கிழித்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். நகரம் பிரிக்காமல் அனுப்பியதை உட்கார்ந்து பிரித்தவர்கள் அவர்கள். சென்னை மறுபயன்பாடு என்று எதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும் அதன் முதல் தொழிலாளர்கள் அந்த மேட்டில் இருந்தவர்கள்தான். அவர்களுக்குக் கையுறையும் இல்லை, சம்பளமும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை.

என் வகுப்பில் படித்த ஒரு பையன், எந்த பிளாஸ்டிக்கை எதற்காக உருக்குவார்கள் என்பதை எனக்குச் சொல்லித்தருவான். கணக்கில் கெட்டிக்காரன். கிலோவுக்கு என்ன விலை, சாக்கு எத்தனை கிலோ, கடைக்காரர் எடையில் எவ்வளவு குறைப்பார் என்று மனக்கணக்காகச் சொல்லிவிடுவான். அவன் புத்தகப்பையில் இருந்த பென்சில், அளவுகோல், ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாமே மேட்டில் கிடைத்தவை. அவனுக்கு அந்த மேடு அருவருப்பான இடம் அல்ல. அம்மா வேலை பார்க்கும் இடம். எனக்கு ஏரி எப்படியோ அப்படி. அவன் பேசுவதைக் கேட்டபின், அங்கே உழைப்பவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இழிவாக என் வகுப்பில் யாரும் பேச நான் விட்டதில்லை.

என் மாமியார் பெருங்குடியிலேயே பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். கழுவெளி அவருக்கு வேறு முகத்தோடு தெரிந்திருந்தது. "அப்பல்லாம் நாத்தம்னா என்னன்னே தெரியாதும்மா. நாங்க கோரை அறுக்கப் போவோம். எருமைய ஓட்டிவிட்டா சாயங்காலம் அதுவா வயிறு நெறைஞ்சு வரும். தண்ணி வத்துற காலத்துல விராலும் கெளுத்தியும் கையாலயே புடிப்போம்" என்பார். நான் இருளர் பெண்கள் இறால் துழாவுவதைச் சொன்னால் அவர் தன் கையை நீட்டி, சேற்றில் விராலை எப்படி மடக்குவது என்று காட்டுவார். அவர் ஏரிக்கரைப் பெண் இல்லை, வயல்காட்டுப் பெண். ஆனாலும் தண்ணீருக்குள் கைவிட்டு இரை எடுத்த இரண்டு பெண்கள் பேசிக்கொள்வதற்கு எங்களிடம் நிறையவே இருந்தது.

"இவ்வளவு குப்பை வரும்போது யாரும் கேக்கலையா அத்தை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மொதல்ல ஒரு லாரி ரெண்டு லாரிதாம்மா வந்துச்சு. பள்ளமா இருக்கு, ரொப்புறாங்கன்னு சொன்னாங்க. பள்ளம் ரொம்பட்டுமேன்னு நாங்களும் இருந்துட்டோம். அது யாரு எடம்? என் வயல்ல கொட்டுனா நான் கேப்பேன். அது பொது எடமாச்சே" என்றார்.

அந்தப் பதிலை நான் இன்றுவரை மறக்கவில்லை. அந்தக் கழுவெளியில் கோரை அறுத்தவர்கள், மாடு மேய்த்தவர்கள், மீன் பிடித்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் இது இன்னாருடைய முறை, இன்னாருடைய இடம் என்று சொல்லும் ஏற்பாடு எதுவும் அங்கே இல்லை. அரசுப் பதிவேட்டிலும் அது விளையாத நிலம். எல்லாருக்கும் பயன்பட்ட இடம், ஏட்டில் யாருக்கும் சொந்தமில்லாத இடமாக இருந்தது. 1980களில் அங்கே குப்பை கொட்டத் தொடங்கியபோது பெருங்குடி சென்னை மாநகரத்துக்குள்ளேயே இல்லை. 2011இல்தான் அது மாநகராட்சியோடு சேர்ந்தது. அதாவது, நகரம் தன் எல்லைக்கு வெளியே, தனக்கு வாக்களிக்காத மக்களின் பக்கத்தில் தன் கழிவைக் கொட்டிவந்தது. 2000த்திலிருந்து நகரத்தின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களையும் அருகிலுள்ள கண்ணகி நகரில் கொண்டுவந்து குடியேற்றினார்கள். நகரம் வேண்டாம் என்று சொன்ன பொருளும், நகரத்தை விட்டு அகற்றப்பட்ட மனிதர்களும் ஒரே திசையில் அனுப்பப்பட்டதை என் வகுப்பறையில் உட்கார்ந்தே பார்த்தேன்.

ஒரு நீர்நிலையில் குப்பை கொட்டினால் குப்பை அதே இடத்தில் கிடக்கும் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். தண்ணீரோடு பிறந்தவர்களுக்கு அது எவ்வளவு தவறு என்று தெரியும். பள்ளிக்கரணைக் கழுவெளிக்குச் சுற்றுவட்டாரத்தின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் வந்து சேரும். அது வெளியேற முக்கியமான வழி ஒக்கியம் மடுவு. மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய், கால்வாய் வழியாக முட்டுக்காட்டுக் கழிமுகம், அங்கிருந்து கடல். குப்பைக்குள் இறங்கும் மழைநீர் கறுப்பாகக் கசிந்து இதே வழியில்தான் போயாக வேண்டும். போக முடியாத அளவுக்கு வழியைச் சாலைகளும் கட்டடங்களும் நெரித்துவிட்டன. துரைப்பாக்கத்தையும் பல்லாவரத்தையும் இணைக்கும் இருநூறடிச் சாலை கழுவெளியையே குறுக்காக வெட்டிப் போகிறது. 1960களில் ஐயாயிரம் எக்டேருக்கும் மேல் பரந்திருந்த சதுப்பில் பெரும்பகுதி இப்படித்தான் போயிற்று. 2015 டிசம்பர் மழையில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் நின்ற தண்ணீர் கறுத்திருந்தது. வடிய இடமில்லாத நீர், தான் இருந்த இடத்தைத் தேடி வந்திருந்தது.

அந்தக் கழுவெளியில் எனக்கு ஆறுதலாக இருந்தவை பறவைகள். குப்பைமேட்டுக்கும் சாலைக்கும் நடுவே மிச்சமிருந்த தண்ணீரில், குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து நிற்கும். பழவேற்காட்டில் அவை ஆயிரக்கணக்கில் நின்று பார்த்தவள் நான். வலையிழுக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, எங்களைப் பொருட்படுத்தாமல் தலைகீழாக அலகை நீரில் விட்டு மேய்ந்துகொண்டிருக்கும். பெருங்குடியில் கூட்டம் சிறியது. பின்னால் புகை, முன்னால் லாரி. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் நாமக்கோழியும் கூடவே இருந்தன. பிள்ளைகளைச் சாலையோரம் அழைத்துப்போய்க் காட்டுவேன். இந்தப் பறவைகள் எங்கள் ஊருக்கும் வரும் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். அவர்களுக்குப் பறவை என்றால் பருந்தும் காக்கையும் உண்ணிக்கொக்கும்தான்.

அந்த இடத்தில் இன்னும் உயிர் இருக்கிறது என்பதை முறையாகப் பதிவு செய்தவர்களை நன்றியோடு நினைக்கிறேன். கேர் எர்த் அமைப்பின் ஜெயஸ்ரீ வெங்கடேசன் போன்றவர்கள் கழுவெளியை ஆராய்ந்து, அங்கே வாழும் பறவைகளையும் மீன்களையும் செடிகொடிகளையும் பட்டியலிட்டார்கள். சுற்றுவட்டாரக் குடியிருப்புவாசிகள் மனு கொடுத்தார்கள், வழக்குப் போட்டார்கள். 2007இல் சதுப்பின் 317 எக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 1,247 எக்டேர் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்று உலகம் ஒப்புக்கொண்ட அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் குப்பைமேடு தீப்பற்றிப் பல நாள் எரிந்தது. தீயணைப்பு வண்டிகள் மாறி மாறித் தண்ணீர் அடித்தும், மேலே அணைந்தது உள்ளே கனன்றுகொண்டிருந்தது. மக்கும் குப்பையிலிருந்து எழும் மீத்தேன் மேட்டின் வயிற்றுக்குள் தேங்கியிருக்கும்போது ஓரிடத்தில் அணைத்தால் வேறிடத்தில் கிளம்பும்.

பிறகு தோண்டும் வேலை தொடங்கியது. சுமார் 225 ஏக்கரில் பரவிக் கிடந்த பழைய குப்பையை இயந்திரம் வைத்து அகழ்ந்து, உலர்த்தி, பெரிய உருளைச் சல்லடைகளில் போட்டுச் சலித்தார்கள். மண் தனியாக, கல் தனியாக, துணியும் நெகிழியும் தனியாக வந்தன. எரியக்கூடியதைச் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பினார்கள். மண்ணைத் தாழ்வான இடங்களை நிரப்பக் கொண்டுபோனார்கள். இதற்கு ஒதுக்கிய தொகை ரூ.350 கோடியைத் தாண்டியது. இரண்டு தலைமுறை கொட்டியதை எடுக்க அரசு செலவழித்த இந்தப் பணத்தில் எத்தனை ஊர்களுக்குக் குப்பை பிரிக்கும் கொட்டகை கட்டியிருக்கலாம் என்று யோசிக்கிறேன். ஆனாலும் அந்த வேலையைக் குறை சொல்ல மாட்டேன். மேடு கரைந்து அதன் பின்னால் மறைந்திருந்த மேற்கு வானம் தெரியத் தொடங்கியபோது, எங்கள் தெருவில் பலர் மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தார்கள். மீட்ட நிலத்தில் பூங்கா கட்டலாம் என்ற யோசனை வந்தபோது, அதைச் சதுப்பாகவே விடுங்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. அந்த எதிர்ப்பில் எனக்கும் உடன்பாடு. தண்ணீரிடமிருந்து எடுத்ததைத் தண்ணீரிடமே கொடுக்க வேண்டும். மேட்டில் சாக்குத் தூக்கியவர்களுக்கு மாற்றுவேலை கொடுத்த பிறகே மீட்பு முழுமையடைந்ததாகச் சொல்ல முடியும் என்பதும் என் எண்ணம்.

இப்போது அடிக்கடி பிறந்த ஊருக்குப் போகிறேன். ஏரியைப் பார்க்கும் என் கண் மாறிவிட்டது. முன்பு தண்ணீரின் நிறத்தைப் பார்த்து இறால் வருமா என்று கணக்குப் போட்டவள், இப்போது கரையோரம் ஒதுங்கிய பொருளைப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வெளியூர்க் கூட்டம் போட்டுவிட்டுப் போகும் தண்ணீர் பாட்டில், சாப்பாட்டுத் தட்டு, மது பாட்டில். எங்கள் மக்களே போட்ட நைலான் வலைத்துண்டு. வலையில் மீனோடு ஏறும் பால் கவரையும் ஷாம்பு உறையையும் ஒதுக்குவதற்கே ஆண்களுக்குத் தனி நேரம் வேண்டியிருக்கிறது. சேற்றில் கைவிடும் இருளர் பெண்களின் விரலை இப்போது கண்ணாடியும் கிழிக்கிறது. குப்பத்துக்குள்ளும் நெகிழி பெருகிவிட்டது. முன்பு மக்கிப்போன குப்பைக்குழி இப்போது வளர்கிறது. சில இடங்களில் அது ஏரியின் விளிம்பைத் தொட்டுவிட்டது.

தெற்கே நடந்ததைப் பழவேற்காட்டுக்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். எண்ணூரிலும் காட்டுக்குப்பத்திலும் எங்களுக்குக் கொண்டான் கொடுத்தான் உறவு உண்டு. அனல் மின் நிலையச் சாம்பல் குழாய் உடைந்து உடைந்து, கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் இடுப்பளவு ஆழம் இருந்த இடமெல்லாம் சாம்பல்திட்டாகிப் போனதை அந்த உறவுக்காரர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகத்தில் பரவியபோது படகும் வலையும் அலையாத்தி மரங்களின் வேரும் கறுத்தன. கூழைக்கடாக்கள் எண்ணெய் படிந்த இறகோடு நின்றன. எண்ணூர்த் தண்ணீரும் பழவேற்காட்டுத் தண்ணீரும் ஒரே கால்வாயால் இணைந்தவை. அங்கே நடப்பது அவர்களுடைய துன்பம் மட்டும்தான் என்று நாங்கள் இருந்துவிட முடியாது.

பழவேற்காடு ஏரி பெரியது, சிலிக்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, அதற்கு ஒன்றும் ஆகாது என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். பரப்பு பெரியதுதான், ஆழம் சொற்பம். கோடையில் நடந்தே கடக்கக்கூடிய இடங்கள் எத்தனையோ. ஏரி தன்னைக் கழுவிக்கொள்வது முகத்துவாரம் வழியாக. ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே வந்து, வற்றத்தில் வெளியே போகும். அந்த வாயை மணல் அடைக்கும்போதெல்லாம் ஏரி நின்றுவிடுகிறது, உப்பு ஏறுகிறது, இறால் குஞ்சு உள்ளே வருவதில்லை. நின்றுபோன ஏரியில் விழும் எந்தப் பொருளும் வெளியே போகாது. ஒக்கியம் மடுவை நெரித்தபோது பள்ளிக்கரணைக்கு என்ன ஆனதோ, முகத்துவாரம் அடைந்தால் பழவேற்காட்டுக்கும் அதுவே. ஏரியின் தமிழகப் பகுதி பறவைகள் சரணாலயம் என்பது நமக்குத் துணை. ஆனால் காப்புக்காடு என்ற பெயர் கிடைத்த பிறகும் பள்ளிக்கரணையில் பல ஆண்டுகள் லாரி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெயர்ப்பலகை மட்டும் எந்தத் தண்ணீரையும் காப்பாற்றுவதில்லை.

அந்தத் தண்ணீரைக் காப்பாற்றக்கூடியது, அதில் இறங்கி உழைக்கும் மனிதர்கள் அங்கேயே இருப்பதும், அவர்களுடைய உரிமை ஏட்டில் இருப்பதும்தான். பெருங்குடியில் முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லை. பழவேற்காட்டில் மனிதர்களோடு பாடும் இன்னும் இருக்கிறது; அது ஏட்டில் ஏறவேண்டியதுதான் பாக்கி. பாடு வெறும் மீன்பிடி முறை என்று நினைத்துவிடாதீர்கள். ஏரியின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு காவலரை அது வைத்திருக்கிறது. நம் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகட்டும். நானும் அப்படிப் போனவள்தான். ஆனால் பாடுகளின் எல்லைகளை, இருளர் பெண்கள் இறால் எடுக்கும் இடங்களை, வலை உலர்த்தும் திடல்களை வரைபடத்தில் ஏற்றி அரசிடம் பதிவு செய்ய வைக்க வேண்டும். அதில் இதுவரை இடமில்லாதவர்களுக்கும் இடம் வேண்டும். கேட்க உரிமையுள்ளவர்கள் எந்த அளவுக்குக் கூடுகிறார்களோ அந்த அளவுக்கு ஏரிக்குப் பாதுகாப்பு. யாரும் பயன்படுத்தாத இடம் என்று நாளை ஒருவர் கோப்பில் எழுதும்போது, இல்லை, இது இன்னாரின் இடம் என்று காட்ட ஓர் ஆதாரம் வேண்டும்.

இன்னொன்று ஊராட்சிகள் செய்ய வேண்டியது. மக்குவதையும் மக்காததையும் வீட்டிலேயே பிரிக்கும் வழக்கத்தை நம் பெண்கள் ஒரே மாதத்தில் கொண்டுவந்துவிடுவார்கள். முன்பு நம்மிடம் இருந்த வழக்கம்தான் அது. பிரித்ததை எடுத்துப்போக வண்டியும், ஏரியிலிருந்து விலகிய மேட்டு நிலத்தில் ஒரு கொட்டகையும் வேண்டும். பிரிக்கும் வேலைக்கு முறையான சம்பளம் வேண்டும். கிழிந்த நைலான் வலையை எடைக்கு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும். வெளியூர்க் கூட்டத்துக்குப் படகுத்துறையிலேயே கண்டிப்பு வேண்டும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். பெருங்குடிக் குப்பைமேட்டைத் தோண்டி எடுக்க நீதிமன்றமும், ஆராய்ச்சியும், கோடிக்கணக்கில் பணமும் தேவைப்பட்டன. முதல் லாரியை நிறுத்தக் குறுக்கே நிற்கப் பத்துப் பேர் போதுமாக இருந்திருக்கும். பழவேற்காட்டில் அந்த முதல் லாரி என்றைக்காவது வரும். பள்ளத்தை நிரப்புகிறோம், பாதை போடுகிறோம் என்று சொல்லிக்கொண்டுதான் வரும். அன்றைக்கு ஊர்க்கூட்டம் கூட்டுங்கள், குறுக்கே நில்லுங்கள்.